வேக்குவம் கிளீனர் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

எனக்கு இளைப்பு வந்தால் எங்கள் வீட்டில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது ஐஸ்கிரீம்தான். அது தப்பித்துக்கொண்டால் அடுத்தது தலைக்குக் குளித்தது. அதுவும் இல்லையென்றால் பள்ளிக்கூட வாசலில் விற்கும் நெல்லிக்காய். தூசியின் மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை. எங்கள் வீட்டில் தூசி இருக்கிறது என்று சொல்வதற்கு அம்மாவை எதிர்த்து நிற்கும் தைரியம் வேண்டும். அவள் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வீட்டைச் சீமாற்றால் கூட்டித் தள்ளுகிறவள். கூட்டும்போது எழும்பிய தூசி மறுபடி படிவதற்குள் அடுத்த முறை கூட்ட வந்துவிடுவாள்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் புதிதாக வந்த ஒரு டாக்டர்தான் அந்தத் தைரியத்தைக் காட்டினார். சிங்காநல்லூரில் எந்தப் பக்கம் வீடு என்று கேட்டார். மில்லுக்குப் பின்னால் என்று அப்பா சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் காயப்போட்ட துணிகளைப் பஞ்சு ஒட்டாமல் எடுக்கவே முடியாது. குழந்தை வீட்டில் இருக்கும்போது சீமாற்றைத் தொடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், முடிந்தால் ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கிவிடுங்கள் என்றார். அம்மா அன்றைக்கே சீமாற்றைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டு, முழங்காலில் ஊர்ந்து ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள். கட்டிலுக்கு அடியிலும் மெத்தையிலும் அந்தத் துணி எட்டவில்லை. ஆகவே வேக்குவம் கிளீனர் வாங்குவதென்று முடிவாயிற்று.

அப்பாவுக்குக் கணபதியில் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்குப் புதுக் காயில் சுற்றித் தருவார்கள். மோட்டார் வைத்த எந்தப் பொருளைப் பற்றியும் அப்பாவிடம் இரண்டே அபிப்பிராயங்கள்தான் உண்டு. ஒன்று, அதைச் சரியாகச் செய்யவில்லை. இரண்டு, அதைத் தாமே இன்னும் நன்றாகச் செய்துவிடலாம்.

“அதுல என்னங்குறே? ஊதாங்குழலத் திருப்பிப் புடிச்சு பின்னால மோட்டார வெச்சிருக்கறான். நம்ம பட்டறைல அரை நாள் வேலை,” என்றார்.

செய்தும் கொண்டுவந்தார். எண்ணெய் டின், பழைய மோட்டார், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் எல்லாம் சேர்ந்த அந்தச் சாமானைக் கூடத்தில் வைத்து சுவிட்சைப் போட்டதும் பக்கத்து வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. கூடத்து ஜன்னல் திரையில் பாதி குழாய்க்குள் போய்விட்டது. தூசி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா சுவிட்சை அணைத்தாள். திரையை மெதுவாக உருவி எடுத்து, “கடையில விக்கறதையே பாக்கலாமுங்க,” என்றாள்.

இந்த இடத்தில் என் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பி.காம். படித்தவள், முப்பது வயதைத் தாண்டியவள். ஜாதகத்தில் செவ்வாய் ஏதோ ஒரு கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்ததால் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் அது அத்தையைப் பார்க்க வருகிறவர்களின் நாள்தான். அந்தியூரிலிருந்து வருவார்கள், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருவார்கள். அம்மா கேசரியும் பஜ்ஜியும் செய்வாள். நல்ல பாயைக் கூடத்தில் விரிப்பார்கள். அத்தை காப்பித் தட்டோடு வந்து நிற்பாள். வந்தவர்கள் சாப்பிடுவார்கள், மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் நாயம் பேசுவார்கள், எழுந்திருக்கும்போது, “ஊட்டுக்குப் போயி கலந்துட்டுத் தகவல் சொல்லறோமுங்க,” என்பார்கள். தகவல் வராது, வந்தாலும் நிறம் கொஞ்சம் மட்டம் என்றுதான் வரும். எனக்கு மீந்துபோன கேசரி கிடைக்கும்.

கடைசியாக வந்தவர்கள் கிணத்துக்கடவுக்காரர்கள். தென்னந்தோப்பு வைத்திருந்தார்கள். அவர்கள் இரண்டு தடவை வந்தார்கள். இரண்டாம் தடவை அத்தையின் தலையில் பூக்கூட வைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் சத்தமே இல்லை. அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று பஸ்ஸில் பார்த்த யாரோ சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அத்தை கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். கோயிலுக்கு வர மாட்டாள், கல்யாணத்துக்கு வர மாட்டாள், தெருமுனைக் கடைக்குக்கூட என்னைத்தான் அனுப்புவாள். வாசல் கேட்டைத் தாண்டி அவள் போய் நான் பார்த்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு இது மிகவும் சௌகரியமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு எப்போது வந்தாலும் அத்தை வீட்டில் இருப்பாள். அம்மாவும் அப்பாவும் ஏன் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

முதல் வேக்குவம் கிளீனர் டை கட்டிக்கொண்டு வந்தது. அதாவது அதைக் கொண்டுவந்த இளைஞன் கட்டியிருந்தான். கொளுத்தும் வெயிலில் டை கட்டிய மனிதரை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அம்மாவின் கை பழக்கத்தில் கடலைமாவைக் கரைத்துவிட்டது. ஆகவே அவனுக்கும் பஜ்ஜி கிடைத்தது.

அவன் என் மெத்தையைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னான். குழாயின் வாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டி, மெத்தை மேல் இரண்டு இழுப்பு இழுத்தான். பிரித்துக் காட்டினால் கைக்குட்டையில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு அடை.

“பாருங்க மேடம், இது மேலதான் பாப்பா தூங்கறாங்க.”

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “நேத்துத்தானுங்க தட்டி வெயில்ல போட்டெடுத்தேன். அந்தத் தூசிய உங்க பையிலயே கொண்டாந்தீங்களா?”

டை கட்டியவன் திணறிப்போனான். அப்போதுதான் உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. அம்மாவை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவிக்கு அதுதான் சொல்.

“நங்கை, என்ற தலகாணிய இழுத்துக் காட்டச் சொல்லுங்க. அதை நான் இன்னிக்குக் காலைலதான் வெயில்ல வெச்சேன்.”

தலையணை திரைக்கு அடியில் வெளியே வந்தது. அதிலும் சாம்பல் அடை. “ஒட்டடைக்கு என்ன பண்ணுவாங்களாம்?” என்றது திரை. அவன் வேறு வாயை மாட்டி மூலையில் ஒட்டடையை இழுத்தான். “ஜன்னக் கம்பிக்கு?” அதற்கு ஒரு புருசு இருந்தது. நாலாவது கேள்விக்குத் திரை விலகி அத்தையின் முகம் தெரிந்தது. அவன் கிளம்பும்போது அவள் நிலைக்கதவில் சாய்ந்து நின்று, பை நிறைந்துவிட்டால் அதை எப்படிக் கழற்றுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இயந்திரத்தைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டை கட்டியவனிடம் திரும்பி மிகவும் பணிவாகச் சொன்னாள்.

“ஊட்ல கலந்துட்டுத் தகவல் சொல்லறோமுங்க.”

கேட் சாத்தும் சத்தம் கேட்டதுதான் தாமதம், அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் கூடத்தில் கிடந்த என் மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் தலையில் கைவைத்துச் சிரித்தாள். அப்பா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மீதி பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். எனக்கும் புரியவில்லை. ஆனால் அத்தை சிரித்து நாளாகிவிட்டது என்பது மட்டும், அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதாக இருந்ததிலிருந்து தெரிந்தது.

“இதையே வாங்கிப்போடலாமா?” என்றார் அப்பா.

“அவசரம் என்னங்க? இன்னொண்ணு பாக்கலாம்,” என்றாள் அம்மா.

இரண்டாவது ஒரு பெரிய நீலநிற டிரம். கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையிலிருந்து அதை ஆட்டோவில் கொண்டுவந்தார் வழுக்கைத் தலை மனிதர் ஒருவர். அது தண்ணீரையும் உறிஞ்சும் என்றார். அத்தை அன்றைக்குத் திரைக்குப் பின்னால் போகவில்லை. கூடத்து நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்ற, இயந்திரம் அதைக் குடித்தது. இன்னொரு டம்ளர் ஊற்றினேன். அதையும் குடித்தது. அதைவிட நல்ல சாமான் உலகத்திலேயே இருக்க முடியாது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அப்பா சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். அந்த மனிதர் “ஐயோ, ஐயா!” என்று கையை நீட்டுவதற்குள் மேல்மூடி கழன்றுவிட்டது. அப்பா உள்ளே வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. “நல்லாத்தான் சுத்தியிருக்கறான்,” என்றார் மனசில்லாமல்.

அத்தை அதற்குள் அந்த மனிதரிடம் எத்தனையோ விசாரித்துவிட்டாள். யார் யார் வாங்குகிறார்கள், பெண்களுக்கு இதைத் தூக்க முடியுமா, மாடி வீட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் கேட்டாள். அவரும் விற்க வந்ததை மறந்து, தம்முடைய மூட்டு வலியைப் பற்றி அத்தையிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். இதுதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தபோது அம்மா மூக்குக்கண்ணாடி வழியாக டிரம்மை மேலும் கீழும் பார்த்தாள்.

“எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. நெறந்தான் கொஞ்சம் மட்டம்.”

அத்தை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேக்குவம் கிளீனர் வாங்கப்போகிறோம் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. நீலம் நல்ல நிறம்தானே, வானமே நீலமாகத்தானே இருக்கிறது என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா என் நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, “இன்னுமொண்ணு பாக்கலாங் கண்ணு,” என்றாள். ஒரு சாமான் வாங்க முடிவெடுக்கத் தெரியாத அம்மா எனக்கு மட்டும் ஏன் வாய்த்தாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது வந்தது சிவப்பு. அதைக் கொண்டுவந்தது ஒரு பெண்மணி.

போத்தனூரிலிருந்து மொபெட்டில் வந்திருந்தார். அம்மா வயதுதான் இருக்கும். காட்டன் சேலையை மடிப்புக் கலையாமல் பின் குத்திக் கட்டியிருந்தார். முன்பக்கம் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு படியேறினார். வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்கும் பெண்களை நாங்கள் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. கீரைக்காரி வருவாள், வளையல்காரி வருவாள். ஆனால் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, “குட்மார்னிங்” சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர் இவர்தான் முதல்.

அவர் மெத்தையை இழுத்துக் காட்டினார். அடை வந்தது. ஆனால் அதை அவர் அம்மாவின் முகத்துக்கு முன்னால் நீட்டவில்லை. மடித்து வைத்துவிட்டு, “எங்கூட்லயும் இதேதானுங்க வந்துச்சு. மொதநாள் ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல,” என்றார். அம்மா இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தாள்.

அத்தை அன்றைக்கு இயந்திரத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. மொபெட் இல்லாமல் பஸ்ஸில் போக வேண்டியிருந்தால் பெட்டியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். நாய் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “கதவ மூஞ்சில சாத்துனா என்னங்க பண்ணுவீங்க?” என்றாள்.

போத்தனூர்க்காரம்மா சிரித்தார். “சாத்துனா அடுத்த ஊடுங்க அம்மணி. தெருவுல அந்த ஒரு கதவா இருக்குது? நாம விக்கறது மிசினு. வேண்டாம்னா மிசினத்தான் வேண்டாங்கறாங்க. நம்மளைய இல்லீங்களே.”

அத்தை கையிலிருந்த காப்பி ஆறும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை தகவல் சொல்கிறோம் என்று அம்மா சொல்லவில்லை. ஒரு வாரம் வைத்துவிட்டுப் போனால் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறோம் என்றாள். அப்படியெல்லாம் கொடுப்பதில்லை என்று ஆரம்பித்த போத்தனூர்க்காரம்மா, அத்தையை ஒரு தரம் பார்த்தார், அம்மாவை ஒரு தரம் பார்த்தார். “சரி, வெச்சிருங்க,” என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் நான் வாழ்க்கையில் மறக்க முடியாத வாரம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு ஒரு வேலை காத்திருக்கும். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அதுதான் வீடு. நான்தான் அந்த வீட்டு மேடம். அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவாள். நான் திறக்க வேண்டும். “குட்மார்னிங் மேடம், ஒரு அஞ்சு நிமிசம்...” என்று அவள் ஆரம்பிப்பாள். எனக்கு அலுத்துப்போனால் கதவை அவள் முகத்தில் அறைந்து சாத்தலாம். அதற்கு அவளே அனுமதி கொடுத்திருந்தாள்.

நான் முதல் முறை அறைந்து சாத்தியபோது வெளியே சத்தமே இல்லை. கொஞ்சம் பயந்து மெதுவாகத் திறந்து பார்த்தேன். அத்தை அப்படியே நின்றிருந்தாள். முகம் என்னவோபோல் இருந்தது. “வெளையாட்டுக்குத்தானே அத்தை,” என்றேன். “ஆமா கண்ணு, வெளையாட்டுத்தான். மறுபடி சாத்து,” என்றாள். மறுபடி சாத்தினேன். மறுநாளும் சாத்தினேன். வார முடிவில் நான் எவ்வளவு பலமாக அறைந்தாலும் மறுபடி தட்டும் சத்தம் உடனே கேட்டது. இடையில் அவள் பாட்டு முணுமுணுப்பதுகூடக் கேட்டது.

எங்கள் எதிர்வீட்டில் மில் கணக்கரின் மனைவி இருந்தார். எங்கள் வீட்டில் நாளெல்லாம் ஏதோ இரைகிறதே என்று அவர் எங்கள் மதிலருகே வந்து அம்மாவிடம் விசாரித்தார். அம்மா விவரத்தைச் சொல்லிவிட்டு, “என்ற நாத்தனா வந்து ஓட்டிக் காட்டுவா,” என்றாள். உள்ளே வந்து அத்தையிடம் அதைச் சொன்னபோது ஈயச்சொம்பைத் தேய்த்துக்கொண்டே, அத்தையின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அத்தை வெகுநேரம் உள்ளறையில் இருந்தாள். வெளியே வந்தபோது சேலை மாற்றி, முந்தானையைப் பின் குத்தியிருந்தாள். நான் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். கேட்டருகில் போய் நின்றாள். தெருவில் யாருமே இல்லை, வெயில் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் அவள் ஒரு பெரிய பஸ் போவதற்குக் காத்திருப்பவள்போல இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்து தெருவைக் கடந்தாள்.

எதிர்வீட்டுக் கூடம் கண்ணாடி அலமாரியும் பொம்மைகளுமாகப் பளபளவென்று இருந்தது. அத்தை தடங்கல் இல்லாமல் பேசினாள். நான் மேடமாக இருந்தபோது பேசியதைவிட நன்றாகவே பேசினாள். எதிர்வீட்டு அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை சுவிட்சைப் போட்டாள்.

அந்த இயந்திரத்தில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்றில் குழாயை மாட்டினால் உள்ளே இழுக்கும். மற்றதில் மாட்டினால் வெளியே ஊதும். படபடப்பில் அத்தை மற்றதில் மாட்டிவிட்டாள். எங்கள் வீட்டு ஒரு வாரத்துத் தூசியில் குழாயில் தங்கியிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் எதிர்வீட்டுக் கூடத்தில் பறந்தது. கண்ணாடி அலமாரி, பொம்மைகள், சோபா எல்லாம் ஒரு நொடியில் சாம்பல் பூசிக்கொண்டன. எதிர்வீட்டு அம்மாவின் கொண்டையில் பஞ்சு உட்கார்ந்திருந்தது.

நான் வாசலைப் பார்த்தேன். அத்தை இப்போது பெட்டியை விட்டுவிட்டு ஓடப்போகிறாள், உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப்போகிறாள், இனி ஆயுளுக்கும் வெளியே வரமாட்டாள் என்று நினைத்தேன். அத்தை சுவிட்சை அணைத்தாள். எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“இது ஊதறதுங்க. இப்ப இழுக்கறதக் காட்டறேன்,” என்றாள்.

அவ்வளவுதான். எதிர்வீட்டு அம்மா கொண்டையிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். அலமாரி, பொம்மை, சோபா, ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை என்று ஒன்று விடாமல் இழுத்தாள். முடித்தபோது அந்தக் கூடம் நாங்கள் வருவதற்கு முன் இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. கடைசியில் பையைக் கழற்றிக் காட்டினாள். “இதுல பாதி உங்கூட்டுதுங்க,” என்று சொன்னாள். எதிர்வீட்டு அம்மா தமக்கும் ஒன்று வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அப்பா வந்தபோது விஷயம் அவருக்கு முன்பே தெருவில் தெரிந்திருந்தது. கணக்கரே தெருமுனையில் நிறுத்திப் பாராட்டியிருக்கிறார். வாரக் கெடு முடிந்து இயந்திரத்தை எடுக்க வந்த போத்தனூர்க்காரம்மாவும் விவரம் கேட்டு, இப்படி ஒருத்தரைத்தான் கம்பெனியில் தேடிக்கொண்டிருக்கிறோம், அனுப்புவீர்களா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போயிருந்தார். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நம்மூட்டுப் பொண்ணு ஊடு ஊடாப் போயி பெல் அடிக்கறதா? நாலு பேர் என்ன பேசுவாங்க? மானம் என்னத்துக்காகுறது?”

அப்பா சத்தம் போட்டால் அம்மா பேசமாட்டாள். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“இத்தன வருசமா வந்தவங்களுக்கெல்லாம் தட்டெடுத்துட்டு வந்து நின்னாளேங்க. அப்பப் போகாத மானமா இப்பப் போயிரும்?”

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை உள்ளே போகவில்லை. கூடத்து நடுவிலேயே நின்றுகொண்டிருந்தாள். “நான் போறேண்ணா,” என்றாள். கெஞ்சுகிற குரலாக இல்லை, சண்டை போடுகிற குரலாகவும் இல்லை. அப்பா வெளியே போய் ஸ்கூட்டரில் ஏறிப் பட்டறைக்கே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் பட்டறையிலிருந்து வரும்போது அவர் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. அதை அத்தைக்கு முன்னால் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். பிரித்துப் பார்த்தால், நீளமாகச் சுற்றிய ஒயர். அதன் முனையில் மரப்பெட்டியில் பதித்த பிளக் பாயிண்ட், பெரிய பின்னுக்கு ஒன்று, சின்னப் பின்னுக்கு ஒன்று. ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார்.

கிணற்றடியிலிருந்து அவர் குரல் வந்தது. “ஒவ்வொரு ஊட்ல ஒவ்வொரு மாதிரி பாயிண்ட் இருக்கும். தூரமா வேற இருக்கும். ஈரக்கையில தொட்டுறாதே.”

அத்தை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு ஒயரைப் பார்த்து யாராவது இப்படிக் கண்கலங்குவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டு, “எதிர்த்தூட்டுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. உங்கத்தைகிட்டச் சொல்லி ஆர்டர் எழுதச் சொல்லு. இந்தச் செவப்பே இருக்கட்டும்,” என்றாள். ஒருவழியாக எங்கள் வீட்டில் வேக்குவம் கிளீனர் தேர்ந்தெடுத்து முடிந்தது. அதற்கப்புறம் எனக்கு இளைப்பு குறைந்துபோனது உண்மை. அது இயந்திரத்தாலா வயது ஏறியதாலா என்று அந்த டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சியெல்லாம் முடிந்து அத்தை தனியாகப் போக ஆரம்பித்த முதல் நாள் காலையில், அம்மா அவளுக்கு இட்லி கட்டிக்கொடுத்தாள். அத்தை பெட்டியோடு பஸ் ஏறினாள். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காக ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கிளம்பினார். பள்ளிக்கூடம் வந்தது. ஸ்கூட்டர் நிற்கவில்லை.

“அப்பா, ஸ்கூலு!”

“ஒரு சின்ன வேலை கண்ணு. சித்த நேரந்தான்.”

எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது. அது நின்றால் அப்பாவும் தள்ளி நிறுத்துவார். அது கிளம்பினால் கிளம்புவார். ஆர்.எஸ்.புரத்தில் அத்தை இறங்கினாள். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்பா என் வாயை மெதுவாகப் பொத்திவிட்டார். மரநிழல்கள் விழுந்த ஒரு அமைதியான தெருவுக்குள் அத்தை திரும்பினாள். நாங்கள் தெருமுனையில் நின்ற இஸ்திரி வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டோம்.

முதல் வீட்டில் அத்தை பெல்லை அழுத்தினாள். கதவு கொஞ்சமாகத் திறந்து உடனே மூடிக்கொண்டது. அப்பாவின் கை ஸ்கூட்டர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. அத்தை கேட்டைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே யாரும் திறக்கவே இல்லை. அவள் பெட்டியைக் கீழே வைத்து, கையை உதறிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டாள். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா ஈரத்தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தார். அத்தை ஏதோ சொன்னாள். அந்த அம்மா உள்ளே திரும்பிப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்து ஒதுங்கி நின்றார். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

போகலாம் என்று நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். அப்பா நகரவில்லை. தெருவில் ஒரு குயில் கூவிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அந்த வீட்டுக்குள்ளிருந்து மெல்லிதாக ஒரு இரைச்சல் கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரே சீராக நின்றது.

அப்பா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

“ஓடுது கண்ணு,” என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஒரு மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்க வேண்டுமானால் கணபதிப் பட்டறையில் நாள் முழுக்கக் கேட்கலாமே, அதற்காகவா என் கணக்குப் பீரியடை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்தோம் என்று யோசித்துக்கொண்டே, ஸ்கூட்டரின் முன்னால் வெயிலைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.